எண்ணூர் மணலில் பாலிகார்ப்பேயாவை அடையாளம் காண்பது எப்படி?

கார்னேஷன் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகள் எல்லாம் குளிர்நாட்டுக்கே உரியவை அல்ல. 1792-இல் லாமார்க் பெயரிட்ட பாலிகார்ப்பேயா என்னும் பேரினம் வெப்பநாட்டு மணலிலும் வளர்வது. அதில் பாலிகார்ப்பேயா கோரிம்போசா என்ற இனத்தைத் தமிழகச் சமவெளிகளில் காணலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஸ்கேல், ஒரு வெள்ளைத்தாள் ஆகியவை போதும்.

முதலில் இடம். காசிமேட்டிலிருந்து வடக்கே கரையின் பெரும்பகுதியில் கருங்கல் கொட்டப்பட்டிருப்பதால், எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டிக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் தேடுவதே பலன் தரும். அலை நனைக்கும் ஈர மணலை விட்டுவிட்டு, அடப்பங்கொடி படர்ந்திருக்கும் பகுதிக்கும் உள்ளே, உலர்ந்த மேட்டு மணலில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் காலை வேளையில் பாருங்கள்.

அடுத்து, உட்காருங்கள். நின்றபடி தேடினால் இச்செடி கண்ணில் படாது. பெரும்பாலும் ஒரு சாண் உயரந்தான் இருக்கும். ஊசி போன்ற குறுகிய இலைகள் கணுவைச் சுற்றிக் கொத்தாக நிற்கின்றனவா என்று பார்த்து, அந்தக் கணுவிலேயே லென்ஸை வையுங்கள். இலைகளின் அடியில் வெங்காயச் சருகைப் போல மெல்லிய, வெள்ளி நிறமான இலையடிச் செதில்கள் தெரிய வேண்டும். என் கணிப்பில், புதியவர்கள் பூவைவிட நம்பத் தகுந்த அடையாளம் இதுதான். அதே மணலில் வளரும் பற்பாடகத்துக்கும் கணுவைச் சுற்றி மெல்லிய இலைகள் உண்டு. ஆனால் அதன் கணுவில் இத்தகைய வெள்ளிச் செதில்கள் நிலைத்து நிற்பதில்லை.

பிறகு பூவுக்கு வாருங்கள். கிளை நுனியில் தட்டையாக விரிந்த பூங்கொத்து வெண்மையாகப் பளபளக்கும். முதிர முதிரப் பழுப்பேறும். ஒரு பூவைக் கிள்ளி வெள்ளைத்தாளில் வைத்து அளந்தால் 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பளபளப்பதெல்லாம் அல்லி இதழ் என்று எண்ணிவிடாதீர்கள்: அவை சருகுபோன்ற ஐந்து புல்லி இதழ்கள். அவற்றை ஊசிமுனையால் மெல்ல விலக்கினால், உள்ளே அவற்றைவிடக் குட்டையான ஐந்து அல்லி இதழ்களும் ஐந்து மகரந்தத் தாள்களும், நடுவே ஒரே அறை கொண்ட சூலகமும் தெரியும். முற்றிய காய் மூன்று பிளவாக வெடித்து, பல நுண்ணிய விதைகளை உதிர்க்கும்.

போகிக்கு வாசலில் காப்புக் கட்டும் சிறுபூளையோடு இதைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. சிறுபூளையின் இலை அகலமானது, மாற்றடுக்கில் அமைந்தது. பஞ்சு போன்ற பூக்கதிர்கள் இலைக் கக்கங்களில் இருக்கும். தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

இறுதியாகப் பதிவு. கணு, பூங்கொத்து, முழுச்செடி என மூன்று படங்களை ஸ்கேலுடன் எடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி தேவையென்றால் வேரோடு பிடுங்காமல் ஒரு கிளையை மட்டும் வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, கிளை காயும்வரை நாள்தோறும் தாளை மாற்றி வாருங்கள்.