முதல் சீசனை வைத்து டிராஃப்ட் வரிசையைத் திருத்துவதில் நடக்கும் தவறுகள்

வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் சீசன் முடிந்ததும் ரசிகர்கள் கையில் எடுக்கும் முதல் வேலை, போன வருஷ டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பையன்களை மறுபடி வரிசைப்படுத்துவது. யார் மேலே போனார், யார் சறுக்கினார் என்று பட்டியல் போடுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களை ஒரே ஒரு சீசனை வைத்து எடை போடும்போது எங்கெல்லாம் தவறு நடக்கும் என்று பார்க்க, 2017 டிராஃப்டைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்த வருஷம் முதல் ஐந்து பேர்: நிக்கோ ஹிஷியர் (நியூ ஜெர்சி), நோலன் பேட்ரிக் (ஃபிலடெல்ஃபியா), மீரோ ஹெய்ஸ்கனென் (டல்லஸ்), கேல் மகார் (கொலராடோ), எலியாஸ் பெட்டர்சன் (வான்கூவர்). இப்போது 2018 கோடைக்குப் போய்க்கொள்ளுங்கள். ஹிஷியர் 82 ஆட்டங்களில் 20 கோல், கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து மொத்தம் 52 புள்ளிகள். பேட்ரிக் 73 ஆட்டங்களில் 30 புள்ளிகள். மற்ற மூவரும் என்எச்எல் பக்கமே வரவில்லை. என்எச்எல் கணக்கை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் முதல் இரண்டு இடம் அப்படியே நிற்கும்; மற்ற மூவரை என்ன செய்வதென்றே தெரியாது.

பெரிய தவறு இதுதான். இன்னும் வராதவரைப் பின்தங்கியவராகக் கணக்கெடுப்பது, பரீட்சையே எழுதாத பையனுக்கு ஃபெயில் போடுவது மாதிரி. யார் சீக்கிரம் வருகிறார் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஹிஷியரும் பேட்ரிக்கும் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளிலிருந்து (பதின்வயதினருக்கான உயர்மட்ட லீக்குகள்) எடுக்கப்பட்டவர்கள். அப்போதிருந்த விதிப்படி, அங்கிருந்து எடுத்த பையனை 20 வயதுக்கு முன் ஏஎச்எல்லுக்கு, அதாவது என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள தொழில்முறை லீக்குக்கு, அனுப்ப முடியாது. ஒன்று என்எச்எல்லில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஐரோப்பியப் பையனுக்கோ பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கோ இந்த நெருக்கடி கிடையாது. ஹெய்ஸ்கனென் ஹெல்சின்கியிலேயே இன்னொரு வருஷம் ஆடினார். கால்கரி பையனான மகார் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் வருஷம் 34 ஆட்டங்களில் 21 புள்ளிகள். டிஃபென்ஸ்மேனுக்கு நல்ல கணக்குதான், ஆனால் பார்த்ததும் யாரும் மலைத்துப்போகிற எண் இல்லை. இரண்டாம் வருஷமும் அங்கேயே தங்கி, கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கரை வாங்கினார். 2019 ஏப்ரலில் நேராக என்எச்எல் பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றில்) இறங்கி, சொந்த ஊர் அணிக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். 2022-இல் ஸ்டான்லி கோப்பை (லீக் பட்டம்), நாரிஸ் (சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது), கான் ஸ்மித் (பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது) மூன்றும் அவர் கையில்.

ஆடிய லீக்கைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது இன்னொரு சறுக்கல். பெட்டர்சன் அந்த சீசனில் ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில், வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, 44 ஆட்டங்களில் 56 புள்ளிகள் எடுத்தார். இருபது வயதுக்குக் கீழானவர்களுக்கு அங்கே 1976-இலிருந்து நின்ற கென்ட் நில்சனின் சாதனையை அது முறியடித்தது. இதை ஒழுங்காக எடை போட்டிருந்தால், என்எச்எல்லில் ஒரு நிமிஷம்கூட ஆடாத அவரை 2018-லேயே முதலிடத்துக்குத் தள்ளியிருக்கலாம். அடுத்த வருஷம் 71 ஆட்டங்களில் 66 புள்ளிகள், கூடவே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை.

யாரோடு ஆடினார் என்பதையும் கேட்க வேண்டும். ஹிஷியர் பெரும்பாலும் டெய்லர் ஹாலுடன் ஒரே லைனில், அதாவது சேர்ந்து களமிறங்கும் மூன்று ஃபார்வர்டுகளில் ஒருவராக, ஆடினார். ஹால் 93 புள்ளிகள் எடுத்து லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை வாங்கிய சீசன் அது. ஹிஷியரைக் குறைத்துச் சொல்லவில்லை, பின்னாளில் அந்த அணிக்கே கேப்டன் ஆனவர். ஆனால் அந்த 52-இல் ஹாலின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் பட்டியல் போடக் கூடாது.

வயதும் அப்படியே. செப்டம்பர் 15-க்குள் 18 நிரம்பினால்தான் அந்த வருஷ டிராஃப்டில் இடம். பேட்ரிக் பிறந்தது 1998 செப்டம்பர் 19. நான்கு நாள் தள்ளிப் பிறந்ததால் 2016-ஐ விட்டு 2017-க்கு வந்தவர். ஹெய்ஸ்கனென் பிறந்தது 1999 ஜூலை. இருவரும் ஒரே டிராஃப்ட்தான், ஆனால் இடையில் பத்து மாதம். அந்த வயதில் பத்து மாதம் சின்ன விஷயமில்லை.

ஷாட் சதவீதத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். 2012-இல் எட்மன்டன் முதலாவதாக எடுத்த நைல் யாக்குபோவ், லாக்அவுட்டால் (அணி உரிமையாளர்கள் வீரர்களோடு ஒப்பந்தத் தகராறில் லீக்கை மூடியதால்) 48 ஆட்டமாகச் சுருங்கிய சீசனில் 17 கோல் போட்டார். அடித்த ஷாட்களில் ஐந்தில் ஒன்று உள்ளே போனது. சாதாரண ஃபார்வர்டுக்குப் பத்தில் ஒன்று போனாலே சரி. அடுத்த சீசனில் 63 ஆட்டங்களில் 11 கோல். 2018-க்குப் பிறகு என்எச்எல்லிலேயே இல்லை. இதற்கு நேர் எதிர் ஜாக் ஹியூஸ். 2019-இல் முதலாவதாக வந்து 61 ஆட்டங்களில் 7 கோல்தான் போட்டார். அவசரப்பட்டவர்கள் கீழே இறக்கிவிட்டார்கள். 2022–23-இல் 43 கோல், 99 புள்ளிகள். 2022-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் கதையும் இதே ரகம்: காயத்தோடு முடிந்த முதல் சீசனில் 10 புள்ளிகள், அடுத்ததில் 50.

கோல்கீப்பர்களை முதல் வருஷத்தில் தொடவே வேண்டாம். 2014-இல் 118-ஆவதாக எடுக்கப்பட்ட இகோர் ஷெஸ்டெர்கின் முதல் என்எச்எல் ஆட்டம் ஆடியது 2020 ஜனவரியில்.

புது வரிசையை வைத்து அணிகளைத் திட்டுவது தனி வியாதி. இன்று யார் மேல் என்பது ஒரு கேள்வி; அன்று என்ன தெரிந்திருந்தது என்பது வேறு கேள்வி. மைக்ரேன் தலைவலியால் 2019–20 சீசன் முழுக்க பேட்ரிக்கால் ஆட முடியாமல் போகும் என்று டிராஃப்ட் மேசையில் உட்கார்ந்திருந்த யாருக்குத் தெரியும்?

முதல் சுற்றில் வந்த 31 பேரை மட்டும் மாற்றி அடுக்கிவிட்டு முடித்துக்கொள்வதும் தவறுதான். 2017-இல் டல்லஸ் மூன்றாவதாக ஹெய்ஸ்கனெனையும், 26-ஆவதாக கோல்கீப்பர் ஜேக் ஆட்டிங்கரையும், இரண்டாம் சுற்றில் 39-ஆவதாக ஜேசன் ராபர்ட்சனையும் எடுத்தது. ஸ்கேட்டிங் போதாது என்று சொல்லப்பட்ட ராபர்ட்சன் 2022–23-இல் 109 புள்ளிகள் எடுத்தார். 2018 கோடையில் இந்த மூவரும் சேர்ந்து ஆடியிருந்த என்எச்எல் ஆட்டங்கள்: பூஜ்யம்.