டீடாக்ஸ் பாட்டில் வாங்கும் முன் போர் தண்ணீரைப் பாருங்கள்

வெள்ளரி, எலுமிச்சை, புதினா மிதக்கும் ‘டீடாக்ஸ் வாட்டர்’ படம் வாட்ஸ்அப்பில் வராத நாளே இல்லை. குடித்தால் கெடுதல் ஒன்றுமில்லை. வாசனைக்காக நாலு வாய் கூடுதலாகத் தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சிறுநீரகம் தினமும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக அனுப்புகிறது. அதற்கு வேண்டியது போதுமான தண்ணீரும் அளவான தாது உப்பும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது.

படி 1: எந்தத் தண்ணீர்?

நம்முடையது பாறை பூமி. பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைத்துப்போதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்.

போர் மட்டும்தான் என்றால், மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசிப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். “ஃப்ளோரைடு பார்க்கணும்” என்று சொல்லியே கொடுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. அது மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும். ஆர்ஓ விற்க வருபவர் இரண்டு கம்பியை முக்கி, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி மிரட்டுவார். அந்தப் பழுப்பு, மின்சாரம் பாய்ந்து கம்பியின் இரும்பு கரைவதால் வருவது. ஆர்ஓ ஃப்ளோரைடைக் குறைக்கும் என்பது உண்மை. கூடவே கால்சியம், மெக்னீசியமும் போய்விடும். காய்ச்சுவதால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

படி 2: எவ்வளவு?

சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர். வெயிலில் வேலை என்றால் கூடுதல். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். விடிந்ததும் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்கும் சவாலெல்லாம் வேண்டாம், பிரித்துக் குடியுங்கள்.

படி 3: ராகிக் கூழ்

தாது உப்புக்குப் பவுடர் டப்பா தேடுபவர்களிடம் நான் கேட்பது, வீட்டில் ராகி இல்லையா என்றுதான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். சாப்பாட்டில் கால்சியம் போதிய அளவு இருந்தால் குடலில் ஃப்ளோரைடு சேர்வதும் குறையும். அதற்காகக் கெட்ட தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தமில்லை.

இரவு ஒரு டம்ளர் ராகி மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். காலையில் குமிழி கட்டி, லேசாகப் புளித்த வாசம் வரும். இந்தப் புளிப்பை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் இதில்தான் குறைகிறது. கால் டம்ளர் நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றி, சிறுதீயில் அடிபிடிக்காமல் கிண்டுங்கள். மாவு நிறம் கறுத்து மினுங்கும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறவிட்டு, மோரும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். உடனே டீ வேண்டாம், இரும்புச்சத்து சேராது.

புளி ரசமும் இருக்கட்டும். புளி சாப்பிட்ட சிறுவர்களுக்குச் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வு காட்டியிருக்கிறது. மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகச் சாப்பிடுங்கள்.

படி 4: உப்பு

டீடாக்ஸ் பானத்தில் கருப்பு உப்பு போடச் சொல்வார்கள். அதில் ஃப்ளோரைடு உண்டு. நம் பக்கத்துக்கு வேண்டாம். வியர்வைக்கு உப்புப் போட்ட மோரே போதும். வயிற்றுப்போக்கென்றால் ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சிறுநீரகக் கோளாறு, இதய நோய், பிரஷர் மாத்திரை உள்ளவர்கள் தண்ணீர், உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர்கூட ஆபத்தாகலாம், அதில் பொட்டாசியம் அதிகம்.