குடும்ப வன்முறை விழிப்புணர்வுக் கூட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அதையொட்டி மகளிர் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் பேரணி, கூட்டம் என்று நல்ல மனத்தோடு இறங்குகிறார்கள். ஆனால் யாருக்காக நடத்துகிறோமோ அந்தப் பெண்ணையே ஆபத்தில் தள்ளிவிடும் கூட்டங்களும் உண்டு.

அவற்றில் மிக மோசமானது, "யார் வீட்டில் இந்தப் பிரச்சினை இருக்கிறது? கை தூக்குங்கள்" என்று கேட்பது. மாமியாரும் நாத்தனாரும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவள் வீடு திரும்பும் முன்பே கணவன் காதுக்குச் செய்தி போய்விடும். 'குடும்ப வன்முறை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்தனுப்புவதும் இதே ஆபத்துதான். 108, குழந்தைகள் உதவி எண் 1098, மின்தடைப் புகார் எண் ஆகியவற்றோடு மகளிர் உதவி எண் 181-ஐயும் ஒரே தாளில் அச்சிடுங்கள்; சமையலறைச் சுவரிலேயே ஒட்டிவைக்கலாம்.

பேனரில் எப்போதும் வீங்கிய முகத்தையே போடாதீர்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது, செலவுக்குக் காசு தராமல் வதைப்பது எல்லாமே 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறைதான். அடி விழாத பெண், அந்தப் படத்தைப் பார்த்துத் தனக்கு நடப்பது வன்முறையே இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

"போலீசுக்குப் போ" என்பதோடு பேச்சை முடிப்பதும் தவறு. கணவனைச் சிறைக்கு அனுப்பப் பலரும் விரும்புவதில்லை. அந்தச் சட்டத்தின்கீழ், இதற்கென அரசு நியமித்துள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று உத்தரவு பெறலாம். வீடு அவள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை.

ஊர்ப் பெரியவர்கள், கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். அவன் முன்னால் அவள் வாய் திறந்தால், அதற்கான தண்டனை அன்றிரவே கிடைக்கும். மறுபக்கம், "இன்றே கிளம்பி வந்துவிடு" என்று அவசரப்படுத்துவதும் ஆபத்து. பிரிந்து போகிறாள் என்று தெரியும் நேரத்தில்தான் வன்முறை உச்சத்துக்குப் போகிறது. ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் நம்பகமான ஒருவரிடம் போய்ச் சேரட்டும். கிளம்பும் நாளை அவளே குறிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, பாதிக்கப்பட்டவளை மட்டுமே கூப்பிட்டுப் பேசுவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கே. "அனுசரித்துப் போ" என்று திருப்பி அனுப்பும் தாயும் அண்ணனும்தான் உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டியவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழையுங்கள். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்றும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்வதை அவர்களுக்கு வாசித்துக்காட்டுங்கள்.