தோல் கருமைக்கு டி.என்.ஏ. ஆப்டமர்: சறுக்கும் இடங்கள்

மங்கு, பரு போன பிறகும் போகாத கருந்தடம், வெயிலால் வந்த திட்டு. இவற்றைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், கோஜிக் அமிலம் என்று பழகிய பெயர்களோடு இப்போது ஆப்டமர் என்ற பெயரும் அடிபடுகிறது. ஆப்டமர் என்றால் ஒற்றை இழை டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வின் சின்னத் துண்டு. பெரும்பாலும் 20 முதல் 100 நியூக்ளியோடைடு, அதாவது டி.என்.ஏ. ‘எழுத்து’, நீளம் இருக்கும். தன் மேலேயே மடிந்து ஒரு வடிவம் எடுத்து, அந்த வடிவத்துக்கு ஏற்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடி கோடியான வரிசைகளைக் கலந்து வைத்து, ஒட்டுவதை மட்டும் பிரித்தெடுத்து, பெருக்கி, மறுபடியும் சலிக்கும் ‘செலக்ஸ்’ முறையை 1990இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. யோசனை அழகானதுதான். ஆனால் சோதனைக் குழாயில் ஒட்டுவதற்கும் முகத்தில் ஒரு திட்டு மங்குவதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. தவறுகள் எல்லாம் அந்தத் தூரத்தில்தான் நடக்கின்றன.

முதலில் பெயர்க் குழப்பம். டி.என்.ஏ. என்றதும் மரபணுவை மாற்றிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அதற்காகவே ஆசைப்படுகிறார்கள். இரண்டுக்கும் இடமில்லை. ஆப்டமர் மரபணுவைத் திருத்துவதில்லை, புரதத்தைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதேபோல சால்மன் மீனின் டி.என்.ஏ.விலிருந்து எடுக்கும் பி.டி.ஆர்.என். என்ற பொருளும் ஆப்டமர் அல்ல. அது பல நீளங்களில் வெட்டுப்பட்ட துண்டுகளின் கலவை. குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடிக்கவென்று தேர்ந்தெடுத்த வரிசை எதுவும் அதில் கிடையாது. சீரம் பாட்டிலில் ‘டி.என்.ஏ.’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த டி.என்.ஏ. என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய தவறு, என் கணக்கில், தோலையே மறந்துவிடுவது. தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த ஒரு படலம் உண்டு. தடிமன் 10–20 மைக்ரோமீட்டர்தான், ஆனால் அதைத் தாண்டுவது லேசில்லை. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் ஆரோக்கியமான தோலுக்குள் எளிதில் இறங்காது என்பது தோல் மருந்துத் துறையில் பலரும் கையாளும் ஒரு தோராய விதி. 40 நியூக்ளியோடைடு கொண்ட ஆப்டமரின் எடை சுமார் 12,000 டால்டன். போதாததற்கு அந்த ஆப்டமர் முழுக்க எதிர்மின்சுமை. ஆள் ஒருக்களித்து நுழையும் வாசலில் பீரோவைத் தள்ளுகிற கதைதான். தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் மெலனோசைட்டு செல்களோ மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

இதை மறைத்துவிடும் ஒரு சோதனைப் பிழையையும் சொல்ல வேண்டும். ஆப்டமரின் நுனியில் ஒளிரும் சாயம் ஒட்டி, தோல் துண்டின் மேல் தடவி, சில மணி நேரம் கழித்துக் குறுக்காக வெட்டிப் பார்ப்பார்கள். ஆழத்தில் பச்சை ஒளி தெரிந்ததும் ‘உள்ளே போய்விட்டது’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தோலில் டி.என்.ஏ.வை நறுக்கும் நொதிகள் இருக்கின்றன. ஆப்டமர் மேலேயே துண்டாகி, சில நூறு டால்டன் எடையுள்ள சாயம் மட்டும் தனியாக இறங்கியிருக்கலாம். ஒளிர்ந்த இடத்தில் இருப்பது முழு ஆப்டமர்தானா என்று பிரித்தெடுத்துப் பார்க்காத படத்தை நம்ப முடியாது.

அடுத்து, இலக்கு. மெலனின் தயாரிப்பின் முக்கிய நொதி டைரோசினேஸ். மலிவாகக் கிடைப்பது காளானின் டைரோசினேஸ் என்பதால் பல சோதனைகள் அதில்தான் நடக்கின்றன. காளானில் பிரமாதமாக வேலை செய்யும் கோஜிக் அமிலம் மனித நொதியிடம் பலவீனமாகிவிடுகிறது. ஆப்டமர் விஷயத்தில் இந்தப் பிழை இன்னும் மோசம். சின்ன மூலக்கூறு நொதியின் நடுவே உள்ள தாமிர அயனிகளைத் தேடிப் போகிறது, அந்தப் பகுதியாவது இரண்டிலும் ஓரளவு ஒத்திருக்கும். ஆப்டமர் பிடிப்பது வெளிமுகத்தை, அதில் ஒற்றுமை குறைவு. அப்புறம், பிடித்தாலே நொதி நின்றுவிடும் என்றும் இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கலாம். அதனால் ஒட்டும் வலிமையை மட்டும் காட்டாமல், நொதியின் வேகம் குறைந்ததா என்றும் தனியாக அளந்து காட்ட வேண்டும்.

மனித டைரோசினேஸின் வேலை நடப்பது செல்லுக்குள் இருக்கும் மெலனோசோம் என்ற பைக்குள். ஆப்டமர் தோலைத் தாண்டி, செல் சவ்வைத் தாண்டி, அந்தப் பைக்குள்ளும் போயாக வேண்டும். இதைவிட, செல்லுக்கு வெளியே நடமாடும் சமிக்ஞைகளைத் தடுப்பது நடைமுறைக்கு நெருக்கமாகத் தெரிகிறது. உதாரணத்துக்கு, மெலனோசைட்டைத் தூண்டும் ஸ்டெம் செல் ஃபேக்டர் புரதத்தைப் பிடிப்பது. அப்போதும் முதல் வாசல் அப்படியேதான் இருக்கிறது.

செல் வளர்ப்புத் தட்டில் மெலனின் குறைந்தால் உடனே கொண்டாடுவதும் உண்டு. செல் செத்தாலும் மெலனின் குறையும்! எத்தனை செல் உயிரோடு இருந்தன என்ற கணக்கு பக்கத்திலேயே வேண்டும். 2013இல் ஜப்பானில் ரோடோடெண்ட்ரால் சேர்த்த நிறக்குறைப்புப் பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்திருந்தன. டைரோசினேஸே அந்தப் பொருளை நச்சாக மாற்றி, மெலனோசைட்டைக் கொன்றிருந்தது. ஆப்டமர் அதே வழியில் நச்சாகாது, சரி. ஆனால் மெலனின் அளவை மட்டும் பார்த்தால் என்ன தவறிப்போகும் என்பதற்கு இந்தச் சம்பவம் போதும்.

ஒப்பீட்டுக்கு வெறும் உப்புக் கரைசலை வைப்பதும் பிழை. அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய இன்னொரு டி.என்.ஏ. பக்கத்தில் இருக்க வேண்டும். காரணம், டி.என்.ஏ. துண்டுகள் தோலில் சும்மா இருப்பதில்லை. டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான தைமிடின் இரண்டே சேர்ந்த துண்டு மெலனின் உற்பத்தியைக் கூட்டுகிறது என்று 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கினிப்பன்றியின் தோலில் தடவியபோது தோல் கறுத்தது. ஆப்டமர் உடைந்தால் வெளிவரும் துண்டுகள் எதிர்த் திசையில் இழுக்கின்றனவா என்று சோதிக்காமல் விடக்கூடாது.

கிரீமில் கலக்கும்போது வேறு சிக்கல். ஆய்வகத்தில் ஆப்டமரை 95 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட்டு, மெக்னீசியமோ பொட்டாசியமோ சேர்த்து மடிய வைப்பது வழக்கம். கிரீமில் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. அந்த மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மடிப்பு குலையலாம். நேர்மின்சுமையுள்ள பொருட்கள் இருந்தால் அவை டி.என்.ஏ.வோடு ஒட்டி வீழ்படிவாகிவிடும். லேபிளில் ஆப்டமர் என்று இருந்தாலும் டப்பாவுக்குள் மிஞ்சுவது வேலை செய்யாத நூல்தான்.

வாங்குகிறவர்களுக்கு: அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற ஆப்டமர்கள் என்றால் 2004இல் பெகாப்டனிப், 2023இல் அவாசின்கேப்டாட் பெகால். இரண்டும் ஆர்.என்.ஏ., இரண்டும் கண்ணுக்குள் போடும் ஊசி. அந்த வெற்றியைச் சொல்லி முக சீரம் விற்றால் நம்பாதீர்கள். உள்ளே இறங்கட்டும் என்று வீட்டில் ஊசி உருளையை உருட்டிவிட்டு சீரம் தடவுவது அதைவிட ஆபத்து. சில டி.என்.ஏ. வரிசைகள் நோயெதிர்ப்புச் செல்களைச் சீண்டும், அழற்சி வரும், அழற்சி ஆறினால் கருந்தடம் வரும்.

உற்பத்தியைத் தடுக்கும் எந்தப் பொருளும் ஏற்கெனவே படிந்த மெலனினை அழிப்பதில்லை. மேல்தோல் உதிர்ந்து புதிதாக வர ஒரு மாதமாவது பிடிக்கும். அடித்தோலில் இறங்கிவிட்ட கருமைக்கு இந்த வழி உதவாது. சன்ஸ்கிரீன் போடாமல் எதைத் தடவினாலும் வெயில் மறுபடியும் மெலனோசைட்டைத் தட்டி எழுப்பிவிடும். திட்டு வடிவம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, திடீரென்று பெரிதானாலோ எந்த சீரமும் வேண்டாம், முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.