குட்டி லோச்சை அடையாளம் காண்பது எப்படி? முதலில் கோடுகளைப் பார்க்காதீர்கள்

தொட்டியில் வளர்க்க, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு லோச் (நம் அயிரை வகை மீன்) குஞ்சு வாங்கி வந்திருக்கிறீர்கள். கடையில் சொன்ன பெயர் ஒன்று, அந்தப் பெயரைத் தேடினால் வரும் படம் வேறொன்று. உடனே எல்லோரும் உடம்பில் இருக்கும் கோடுகளை வைத்துத் தேட ஆரம்பிக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பல லோச் இனங்களுக்குக் குஞ்சில் ஒரு கோலம், வளர்ந்தபின் வேறு கோலம். அதனால் உடல்வாகை முதலில் பாருங்கள், கோடுகள் கடைசி.

1. நல்ல படம்

தொட்டியில் விட்ட அன்றே எடுக்க வேண்டாம். பயந்த மீன் வெளுத்திருக்கும். லோச்சுகளில் ஒரு பிரிவான போட்டியா வகைகள் ஒன்றோடொன்று மோதும்போதுகூட உடல் சாம்பல் நிறமாகி, கோடுகள் மங்கிவிடும். ஒரு வாரம் இரண்டு வாரம் போகட்டும், மீன் அமைதியாகித் தீனி எடுக்கட்டும். அப்புறம் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, தலையை மட்டும் கிட்டத்தில் ஒன்று எடுங்கள்.

பிடிக்க வேண்டியிருந்தால் வலை வேண்டாம், தயவுசெய்து. போட்டியா வகை மீனின் கண்ணுக்குக் கீழே தோலில் சிறு பள்ளம் மாதிரி ஒரு கோடு தெரியும், அதற்குள் மடக்குக் கத்தியைப் போல ஒரு முள் படுத்திருக்கும். பயந்தால் அது வெளியே நீட்டிப் பூட்டிக்கொள்ளும், வலையின் கண்ணியில் மாட்டினால் எளிதில் வராது. இழுத்தால் மீனுக்குக் காயம், வலையை வெட்டுவதுதான் வழி. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் வைத்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டிவிடுங்கள். டப்பாவுக்குள் இருக்கும்போதே படமும் எடுத்துவிடலாம்.

2. எந்தக் குடும்பம்?

கண்ணுக்குக் கீழே அந்த முள், பக்கவாட்டில் தட்டையான உடல், நன்றாகப் பிளந்த வால் மூன்றும் இருந்தால் போட்டியா குடும்பம். முள் இருந்து, உடல் புழு மாதிரி நீண்டிருந்தால் குலி லோச் பக்கம் போங்கள். அயிரைக்கும் கண்ணுக்குக் கீழே முள் உண்டு, அதன் உடல் ஒல்லி. முள்ளே இல்லாமல், உருண்டு நீண்ட உடலோடு தரையில் உட்கார்ந்தபடி இருந்தால் அநேகமாக சிஸ்துரா அல்லது அதன் உறவு. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் இலை மாதிரி தெரிந்தால் ஹில்ஸ்ட்ரீம் லோச்.

மீசையே இல்லாமல் வாயால் கண்ணாடியைக் கவ்வுகிறதா? அது சைனீஸ் ஆல்கே ஈட்டராக இருக்கலாம், லோச்சே இல்லை.

3. போட்டியாவுக்குள் எது?

க்ளவுன் லோச் குஞ்சிலேயே தெரிந்துவிடும்: ஆரஞ்சு உடம்பில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள். மூக்கு நீண்டு, உடலும் நீண்டு, நிறையக் குறுக்குக் கோடுகள் இருந்தால் சின்க்ரோசஸ் பேரினத்தைச் சந்தேகியுங்கள். இவை முரட்டு மீன்கள், பெயர் உறுதியாகும்வரை சாதுவான மீன்களோடு விட வேண்டாம்.

இப்போதுதான் கோடுகளைப் பார்க்க வேண்டும். ட்வார்ஃப் செயின் லோச்சையும் அதன் உறவான ஆம்பாஸ்டையா நைக்ரோலினியேட்டாவையும் குஞ்சில் பிரிப்பது சிரமம். நைக்ரோலினியேட்டா குஞ்சில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும், அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடுகள் வளர வளரத்தான் வரும். அப்போது அது சங்கிலிக் கோலமாகி மற்றதைப் போலவே தெரியும், நான் இதில் ஏமாந்திருக்கிறேன். போட்டியா குபோட்டாயில், குஞ்சில் பெரிதாக இருக்கும் வெளிர் திட்டுகள் வளர்ச்சியில் உடைந்து சின்னச் சின்னப் புள்ளிகளாகும். ரெட் டெயில் போட்டியா எனப்படும் யசுஹிகோடாகியா மோடெஸ்டாவின் குஞ்சில் குறுக்குக் கோடுகள் தெரியலாம், பெரிய மீனில் அவை மறைந்து நீலச் சாம்பல் உடலும் சிவந்த துடுப்புகளும் மட்டும் மிஞ்சும். இந்த இனத்தில் சாயம் ஏற்றிய மீன்களும் விற்பனைக்கு வருகின்றன, பளீரென்ற நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.

4. முடிவாகவில்லை என்றால்

‘போட்டியா, இனம் தெரியவில்லை’ என்று குறித்து வைப்பது முழுச் சரியான பதில்தான். ஊகித்த பெயரோடு அந்த மீனை வேறொருவருக்குக் கொடுத்தால், அவர் அந்தப் பெயருக்கேற்ற தொட்டியில்தான் வளர்ப்பார். பொருந்தக்கூடிய இனங்களில் எது அதிகம் வளருமோ அதற்குத் தொட்டியைத் தயார் செய்யுங்கள்: ட்வார்ஃப் செயின் லோச் 6 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், க்ளவுன் லோச் 30 சென்டிமீட்டர் வரை போகும். இரண்டையும் கடையில் ஒரே அளவில்தான் பார்ப்பீர்கள்.

மாதம் ஒருமுறை படம் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். இந்த மீன்களின் இரு பக்கக் கோலமும் ஒன்றுபோல் இருக்காது, அதனால் எப்போதும் இடப்பக்கத்தையே எடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படங்களை வரிசையாக வைக்கும்போது, மாறியது கோலமா, நீங்கள் எடுத்த பக்கமா என்று தெரியாமல் போகும்.