வெப்பமண்டலத் தீவுக்குக் குடும்பத்தோடு குடிபெயரும்போது எதைக் கட்டுவது, எதை விடுவது

தீவுக்குக் குடிபெயர்வது உறுதியானதும் பெரும்பாலானோர் அறை அறையாக நடந்து பட்டியல் எழுதத் தொடங்குகிறார்கள். அப்படி எழுதினால் பட்டியல் வீட்டளவுக்கு நீளுமே தவிர, முடிவு எதுவும் கிடைப்பதில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது, எதில் இயங்குகிறது, எந்த வழியில் போகப்போகிறது என்று பார்த்துப் பிரித்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேலை நகர்ந்தது. அந்த வரிசையையே இங்கே தருகிறேன். விசா, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவை முடிவாகிவிட்டன என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: போகும் வழியை முடிவு செய்யுங்கள்

பொருள்கள் பயணப்பெட்டியிலோ, விமானச் சரக்காகவோ, கப்பலிலோ போகலாம். விமானச் சரக்கில் உண்மையான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் கிடைக்கும். 60, 40, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் தலையணைகளை அடைத்தால் தராசு 4 கிலோ காட்டினாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கப்பலில் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு என்பதால் சிறிதாகவும் கனமாகவும் உள்ள பாத்திரம், கருவி, புத்தகம் போன்றவற்றை அதில் அனுப்புவதே சிக்கனம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அதை நிரப்ப முடியாத குடும்பங்கள் பிறருடன் இடத்தைப் பகிர்ந்து அனுப்பலாம். மெத்தையும் சோபாவும் இடத்தை விழுங்குபவை. மெத்தை அளவுகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், பழைய மெத்தையைக் கொண்டுபோனால் அங்கே விரிப்பு கிடைக்காமல் அலைய நேரும். இரண்டையும் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

படி 2: மின்சாதனங்களின் அடிப்பகுதியைப் படியுங்கள்

ஒவ்வொரு சாதனத்திலும் இன்புட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையே. ஒரே மின்னழுத்தமும் ஒரே அதிர்வெண்ணும் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் நிதானியுங்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான சாதாரண மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு மோட்டார் சூடேறவும் செய்யும். ஆகவே சலவை இயந்திரம், மைக்ரோவேவ், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் பொருந்தாத நாட்டுக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை. தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் சாதனங்கள் அதிக வாட் இழுப்பவை. அவற்றைத் தாங்கும் டிரான்ஸ்பார்மரின் கனத்தைப் பார்த்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றே தோன்றும்.

படி 3: ஈரம்

அதிக நேரம் கேட்கும் படி இதுதான். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

வீட்டுக்குள் சார்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் கட்டுக்குள் இருக்கும். வெப்பமண்டலக் கடலோரங்களில் அது 75 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். பார்ட்டிகிள் போர்டால் (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகையால்) செய்த மேசையும் அலமாரியும் ஈரத்தில் ஊதி, திருகு நிற்காமல் போகும். செயற்கைத் தோல் உரியும். விளையாட்டுக் காலணிகளின் பாலியுரேத்தேன் அடிப்பாகம் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேதி மாற்றமடைந்து, அணியாமல் வைத்திருந்தால்கூடப் பொடிப்பொடியாக உதிரும். எனவே விலை உயர்ந்தது என்பதற்காகப் பழைய காலணியைக் கட்டாதீர்கள். கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படரும். காகிதத்தை ராமபாணப் பூச்சி அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுபவற்றிலும் 304 ரகத்தில் உப்புக்காற்று புள்ளிப் புள்ளியாகத் துரு ஏற்றும். 316 ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும்.

ஆனால் சேதம் தீவில் தொடங்குவதில்லை, கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. பகலில் வெயிலில் கன்டெய்னர் சூடேறும்போது அட்டைப்பெட்டியும் மரமும் துணியும் தம்முள் உள்ள ஈரத்தைக் காற்றில் விடுகின்றன. இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் துளிகளாகப் படிந்து சரக்கின்மேல் சொட்டுகிறது. கப்பல் துறையினர் இதைக் கன்டெய்னர் மழை என்பார்கள். கூரையில் ஓட்டையே இல்லாமலும் பெட்டிகள் நனைவது இதனால்தான். எனவே உள்ளே போகும் ஈரத்தைக் குறைப்பதே வழி. துணிகளைத் துவைத்த அன்றே கட்டாமல் மேலும் ஓரிரு நாள் காற்றாட விடுங்கள். மழை பெய்யும் நாளில் கட்டாதீர்கள். குளிர்பதனப் பெட்டியை அனுப்புவதாக இருந்தால் முன்னதாகவே அணைத்து, துடைத்து, கதவைத் திறந்து வையுங்கள்; கதவோர ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தால் அங்கே இன்னும் தண்ணீர் நிற்பது தெரியும்.

எல்லாவற்றையும் காற்றுறிஞ்சிய பைகளில் அடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சற்றே ஈரமுள்ள துணி அதற்குள் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ரப்பர் விளிம்பும் கொக்கி மூடியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளே என் தேர்வு. அங்கே போன பின்பும் அவையே அலமாரியாகிவிடும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் சில மணி நேரம் உலர்த்தினால் மறுபடி பயன்படும்.

ஈரப்பதமானி ஒன்றும் வாங்குங்கள். மலிவானதே போதும், ஆனால் சோதித்த பிறகு நம்புங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, கரைந்து நீராகிவிடாமல் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அதன் கணக்கில் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளலாம். ஈரநீக்கியை இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள்; அங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்ற, கம்ப்ரசர் வகை ஒன்றை அங்கேயே வாங்குங்கள். வெப்பமான இடத்துக்கு அதுவே பொருந்தும்.

படி 4: சுங்கமும் தாவரச் சோதனையும்

தீவுகளில் வெளியிலிருந்து வரும் பூச்சியும் விதையும் பெரிய கேடு விளைவிக்கும் என்பதால் சோதனை கடுமையாக இருக்கும். மிதிவண்டிச் சக்கரம், கூடாரம், காலணி, தோட்டக் கருவி ஆகியவற்றில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பிரம்பு, பட்டை நீக்காத மரம், விதை ஆகியவற்றை விட்டுவிடுவது நல்லது. பொருள்களை அடைக்கும் மரச்சட்டம், மரப்பொதிகளுக்கான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதியான ஐஎஸ்பிஎம் 15இன்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கப்பட்டு, முத்திரையும் பெற்றிருக்க வேண்டும். வேறு சிகிச்சைகளும் ஏற்கப்பட்டாலும் இதுவே பரவலானது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, பயன்படுத்தியதா, வரிசை எண் என்ன என்ற விவரங்களை எண்ணிட்டு எழுதி வையுங்கள். ‘பலவகைப் பொருள்கள்’ என்று எழுதிய பெட்டியை அதிகாரி பிரித்துப் பார்க்கவே வாய்ப்பு அதிகம்.

படி 5: கையோடு போக வேண்டியவை

மூலச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு ஆகியவற்றைச் சரக்கில் போடவே கூடாது. அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் அத்தாட்சி) தேவைப்பட்டால் சான்றிதழ் வழங்கிய நாட்டிலேயே வாங்கவேண்டும் என்பதால் புறப்படும் முன் முடித்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதும் செல்லும். பழையது இருந்தால் தேடி எடுங்கள். மருந்துகளை அவற்றின் அசல் அட்டையிலேயே வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி உள்ளது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி என்பதால் வரம்புக்குள் அடங்கும்.

இதை முதலில் எழுதிய பிறகு கேட்கப்பட்டவை

வெயிற்காப்புக் களிம்பை மொத்தமாக வாங்கிப் போகலாமா என்று பலர் கேட்டார்கள். முதலில் அதன் சேர்மானத்தைப் பாருங்கள். பவளப்பாறைகளைக் காக்க ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் விற்பனையில் தடை செய்துள்ளன. துத்தநாக ஆக்ஸைடு வகையும், பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் பெரும்பாலும் சிக்கல் தராது.

புகைப்படத் தொகுப்புகள் பற்றியும் கேட்டார்கள். ஸ்கேன் செய்து இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றைக் கையில் கொண்டுபோய், மற்றொன்றை உறவினரிடம் விடுங்கள். மூலப்படங்களும் அவர்களிடமே இருக்கட்டும்.

பிள்ளைகளின் பொருள்களில் ஆளுக்கு ஒரு சிறு பெட்டியை அவர்களே தேர்ந்து நிரப்ப விடுங்கள். அதில் நீங்கள் எதையும் கழிக்காதீர்கள். உடைகளை இப்போதைய அளவில் குறைவாகவும் அடுத்த அளவில் கொஞ்சமும் எடுங்கள்.

கன்டெய்னரில் கடைசியாக ஏற்றுவதுதான் முதலில் இறங்கும். எனவே படுக்கை விரிப்பு, கொசுவலை, துண்டு, ஒரு பாத்திரம், கைவிளக்கு, திருப்புளி ஆகியவை அடங்கிய பெட்டியைக் கதவோரம் வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய கட்டிலின் திருகுகளைப் பையில் போட்டு, அந்தத் திருப்புளியோடு சேர்த்தே கட்டிவிடுங்கள்.