கிட்னி நோயாளிக்கு உருளைக்கிழங்குப் பொரியல் செய்வது எப்படி?

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், பயந்துபோய் உருளைக்கிழங்கு வாங்குவதையே நிறுத்திவிட்டோம். தொட்டுக்கொள்ளப் பிடித்தது எதுவும் இல்லாமல் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அப்புறம் டயட்டீஷியன் சொன்னார்: "கிழங்கை விட வேண்டாம், சமைக்கிற விதத்தை மாத்துங்க."

பிரச்சினை பொட்டாசியம்தான். 100 கிராம் பச்சைக் கிழங்கில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கிட்னி அதை வெளியேற்றாமல் ரத்தத்தில் ஏறிவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். கிட்னி நோய் உள்ள எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்வதே முடிவு.

1. முதலில் குக்கரை மறந்துவிடுங்கள். முழுக் கிழங்கைத் தோலோடு குக்கரில் வைத்தால் பொட்டாசியம் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். தோலைச் சீவி, சுண்டுவிரல் அகலத்துக்கும் சிறிய துண்டுகளாக நறுக்குங்கள்.

2. அகலமான பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு மூடாமல் வேகவையுங்கள். ஒரு கைப்பிடிக் கிழங்குக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. துண்டுகளாக வேகவைத்தால் ஏறக்குறைய பாதிப் பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை போகும். நான் அரை வேக்காட்டில் ஒரு தடவை வடித்து, புதிதாகக் கொதித்த தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைக்கிறேன்.

ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போதாது. வெறும் ஊறலில் குறைவது கொஞ்சம்தான். சூட்டில் கிழங்கு வெந்து இளகும்போதுதான் பொட்டாசியம் நன்றாக வெளியே வரும்.

3. வடித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து வீணாகிறதே என்று ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேர்த்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

4. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள், மிளகுத்தூளோடு கிழங்கைப் போட்டுப் பிரட்டுங்கள். தக்காளி வேண்டாம். உப்பு ஒரு சிட்டிகை போதும்; இறக்கியபின் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் மட்டும் கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்லது என்று நினைத்து நாங்களே ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தோம்.

5. அளவு, அரைக் கிண்ணம். அன்றைக்கு இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம். சர்க்கரை நோயும் இருந்தால் சோற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

சிப்ஸ் ஆசைப்பட்டால்? பச்சையாகச் சீவிப் பொரிப்பதால் பொட்டாசியம் அதிலேயே தங்கிவிடும், கடைச் சிப்ஸில் உப்பும் அதிகம். வேகவைத்து வடித்த துண்டுகளை ஈரம் போக ஆறவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு முறுக விடுங்கள். அப்பா இப்போது அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.